ஒரு செங்காந்தள் படத்தைத் திருத்தியது

எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவருக்கு ஓர் இலை பிடிக்கவில்லை என்றால் அதன் மேலேயே வானத்தைப் பூசிவிடலாம். லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் திறக்கப்பட்ட மரியான் நார்த் கூடத்தில், சுவர் தெரியாதபடி மாட்டியிருக்கும் 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் எண்ணெய் வண்ணத்தில் ஆனவை. அவற்றில் எந்தப் பூவுக்கு அடியில் எந்தப் பூ புதைந்திருக்கிறது என்று நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நீர்வண்ணம் அப்படி விடாது. அதில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். வண்ணம் அதன் மேல் ஒளி ஊடுருவும்படி மெல்லிசாகப் படிகிறது. முதலில் வைத்த பூச்சு கடைசிவரை அடியில் இருந்து எட்டிப் பார்க்கும்.

அதனால்தான் தாவர ஓவியம் சொல்லித்தருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வழியைச் சொல்வார்கள்: அமைப்பு கெட்டுப்போனால் தாளைத் தள்ளிவை, புதுத்தாளில் தொடங்கு. நானும் என்னிடம் வருகிறவர்களுக்குப் பல நேரம் இதையேதான் சொல்கிறேன். ஆனால் எல்லாத் தாளுக்கும் இது சரிவராது. சில படங்களில் ஏதோ ஒரு மூலை, ஓர் இதழின் மடிப்பு, நரம்பு ஓடும் ஓர் இலை இரண்டாம் முறை வராது என்று கைக்கே தெரிந்திருக்கும். அந்த மாதிரிப் படத்தைத்தான் திருத்த உட்கார வேண்டும்.

இங்கே நான் சொல்லப்போவது ஒரு செங்காந்தள் படத்தைப் பற்றி. ஏ3 அளவு, 300 கிராம் ஹாட் பிரஸ் தாள், நெடுக்குவாட்டில். தண்டு தாளின் நட்டநடுவே கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நின்றது. அதன் மேற்பாதியில் மூன்று பூக்கள், மூன்றும் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே சிவப்பு, மூன்றும் பார்க்கிறவரை நேரே பார்த்தபடி. கீழ்ப்பாதியில் இருபுறமும் சமமாக இலைகள். வலது மேல் மூலையை நோக்கி ஒரு பற்றுக்கம்பி நீண்டு ஓடியது. யார் பார்த்தாலும் கண் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாளைவிட்டு வெளியே போய்விடும். ஒவ்வொரு பூவாகக் கையால் மறைத்துப் பார்த்தால் ஒன்றும் குறையில்லை. நடுப்பூவின் இதழோர மஞ்சள் சிவப்புக்குள் கரைகிற இடம் எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம். பகுதிகள் சரியாக இருந்து முழுமை சரியில்லாமல் போகும் படம் இது. பகுதியே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று தெரியும், இதில் எங்கே கைவைப்பது என்பதே தெரியாது.

திருத்தத்துக்குள் போகும் முன் செடியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா முடிவுகளும் அதிலிருந்துதான் வந்தன. செங்காந்தள் நம் மாநில மலர். கொங்குப் பக்கம் இதைக் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகப் பயிர் செய்கிறார்கள். விதையில் இருந்து கோல்கிசின் என்ற மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது. அதே பொருள்தான் செடி முழுவதையும் நஞ்சாக்குகிறது. பிரஷ்ஷின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தச் செடியைத் தொட்டு வரைகிற நாள்களில் அதை மறந்துவிடுவது நல்லது.

பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்கள் பின்னோக்கி மடிந்து மேலே எழும்பி நிற்கும், ஓரங்கள் அலையலையாக நெளியும். ஆறு மகரந்தத் தாள்கள் கீழே சுற்றிலும் விரியும். எல்லாவற்றுக்கும் அடியில் பச்சைச் சூலகம், அதிலிருந்து சூல்தண்டு கிட்டத்தட்ட செங்கோணத்தில் ஒரு பக்கமாகத் திரும்பி வெளியே நீளும். மகரந்தத்தைவிட்டு அது இப்படி ஒதுங்கிப் போவதால்தான் நல்ல காய்ப்பு வேண்டிய விவசாயிகள் காலையில் வயலில் இறங்கிக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். இலையின் நுனி நீண்டு பற்றுக்கம்பியாகிறது. தொட்ட பொருளைச் சுற்றிக்கொள்கிறது. தண்டுக்குத் தானாக நிற்கும் வலு இல்லை. பூ விரியும்போது பசுமஞ்சள். பிறகு அடியும் ஓரமும் மஞ்சளாக, மேற்பகுதி சிவப்பாகும். நாள் ஆக ஆகச் சிவப்பு கீழே இறங்கி மஞ்சளை விழுங்கிவிடும். கடைசியில் முழு இதழும் கருஞ்சிவப்பு. இந்த ஒரு குணம் என் படத்தைக் காப்பாற்றும் என்று திருத்தத் தொடங்கியபோது எனக்குத் தோன்றவில்லை.

கெட்டுப்போன படத்தை முதலில் கண்ணில் படாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். வரைந்த களைப்போடு பார்க்கும் கண்ணுக்குத் தான் பட்ட பாடுதான் தெரியும், படம் தெரியாது. சில நாள் கழித்து எடுத்தபோது மூன்று சோதனைகள் செய்தேன், மூன்றும் பழைய வித்தைகள்தான். தலைகீழாக வைத்துப் பார்ப்பது, கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது, போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. முதல் இரண்டும் தண்டின் விறைப்பைக் காட்டிக்கொடுத்தன. அது நான் எதிர்பார்த்ததுதான். மூன்றாவது சோதனைதான் தலையில் தட்டியது. கறுப்பு வெள்ளையில் பூவைக் காணோம். சிவப்பும் பச்சையும் வண்ணத்தில் எதிரெதிராக நின்று அவ்வளவு சண்டை போட்டாலும் ஒளியளவில் இரண்டும் ஒரே நடுச்சாம்பல். இலையின் மேல் விழுந்த இதழ்கள் இலையோடு இலையாகிவிட்டன. சிவப்புப் பூக்களை வரைகிற எல்லோருக்கும் இது காத்திருக்கும் குழி. செம்பருத்திக்கும் இதே கதிதான்.

இதில் பழைய ஆசிரியர்களிடம் போவதே வழி. ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ‘ஐகோனஸ் பிளான்டாரம் இந்தியே ஓரியன்டாலிஸ்’ தொகுதிகளில் 2,101 தட்டுகள் உள்ளன. அவற்றுக்கான செடிகளை வரைந்தவர்களில் தலையாய இருவர் ரங்கையாவும் அவருக்குப் பின் வந்த கோவிந்துவும். கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று வைட் பெயர் சூட்டினார், பின்னால் அது வேறொரு பேரினத்துக்குள் போய்விட்டது என்பது வேறு விஷயம். அந்தத் தட்டுகள் பெரும்பாலும் வண்ணமில்லாத கல்லச்சுகள். சிவப்பு வந்து காப்பாற்றாது. கோடும் இடைவெளியும் மட்டுமே வைத்துப் பூ எங்கே, இலை எங்கே, எது முன்னால், எது பின்னால் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். சொல்லியிருக்கிறார்கள். என் படத்தை வெறும் கோடாக டிரேசிங் தாளில் எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் மேசையில் இதை வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது.

அந்த டிரேசிங் தாள்தான் திருத்தத்தின் பட்டறை. மூலத்தின் மேல் ஒரு துளி ஈரம்கூட வைக்காமல் முதலில் எல்லாவற்றையும் அங்கே செய்து முடிக்க வேண்டும். மூன்று பூ, தண்டு, ஒவ்வோர் இலை எல்லாவற்றையும் தனித்தனித் துண்டுகளாக எடுத்து, மேசையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். புதிதாகச் சேர்க்க நினைப்பதைச் சிவப்புப் பென்சிலில் வரைந்துகொண்டேன். கூடவே அட்டையில் வெட்டிய இரண்டு ‘ட’ வடிவங்கள். இரண்டையும் எதிரெதிராக வைத்தால் நகரும் சட்டம் ஒன்று கிடைக்கும். அதைப் படத்தின் மேல் குறுக்கியும் விரித்தும் பார்க்கலாம். காசில்லாத கருவி. இருந்தும் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

நகர்த்திப் பார்க்கும்போது ஆசைகள் பெருகும். கீழே இடப்புறம் வெற்றிடம் இருக்கிறதே, அங்கே ஒரு மொட்டைத் தொங்கவிட்டால் என்ன? வலப்பூவைக் கருக்கினால் என்ன? தண்டை வளைத்தால் என்ன? இயற்கைக் காட்சி வரைகிறவர் இதில் எதையும் செய்யலாம். நமக்கு இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும், செடியிடமும் வண்ணத்திடமும். செடி ஒத்துக்கொள்ளாததை வரைந்தால் அது தாவர ஓவியம் ஆகாது. வண்ணம் ஒத்துக்கொள்ளாததைச் செய்யப் போனால் தாள் கிழியும். இரண்டும் ஒரே திசையில் தலையாட்டும் இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் திருத்தம் என்பேன். அழகு மூன்றாவதாகத்தான் வரும், பெரும்பாலும் அதுவே வந்துவிடும்.

இடக்கீழ் மொட்டை எடுத்துக்கொள்வோம். டிரேசிங் தாளில் அது மிக அழகாக இருந்தது. ஆனால் காந்தளில் பூக்கள் கீழிருந்து மேலாக மலர்கின்றன. முதலில் விரிந்தது கீழே, மொட்டு உச்சியில். மலர்ந்த பூவுக்குக் கீழே மொட்டு தொங்கினால் செடியைத் தெரிந்த எவரும் சிரிப்பார்கள். அங்கே வரக்கூடியது ஒன்றுதான்: பூத்து முடிந்தது. இதழ்கள் வாடிச் சுருங்கியும் உதிராமல் ஒட்டியிருக்க, நடுவே சூலகம் பிஞ்சாகப் பருக்கத் தொடங்கிய நிலை. மொட்டைவிட அதுதான் நல்லது என்று பிறகு புரிந்தது. பசும்பிஞ்சும் பழுப்பேறிய இதழ்களும் சிவப்போடு போட்டி போடாது. மொட்டு வேண்டுமென்றால் உச்சிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சிறு பச்சை மொட்டு, தலை கவிழ்ந்து. மூன்று பூக்களின் தட்டையான வரிசை அதனாலேயே உடைந்தது.

எந்தப் பூவைக் கருக்குவது என்பதிலும் செடியே தீர்ப்புச் சொன்னது. எனக்கு ஆசை வலப்பூவின் மேல். ஆனால் காம்புகளைப் பின்தொடர்ந்து இறங்கிப் பார்த்தால், இடப்பூவின் காம்புதான் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள கணுவில் இருந்து புறப்பட்டு நீண்டு வந்து மற்றவற்றின் உயரத்தை எட்டியிருந்தது. அப்படியென்றால் மூன்றில் மூத்தது அதுதான். முதுமையும் அதற்குத்தான் வர வேண்டும். வண்ணத்தின் அனுமதியும் அங்கே கிடைத்தது. நீர்வண்ணத்தில் இருட்டுவது எளிது, வெளுப்பது கடினம். நான் பயன்படுத்தியிருந்த பைரோல் ஸ்கார்லெட் தாளின் இழையில் ஊறிப்போகும் வகை. ஒரு பூவை இளமையாக்கி மஞ்சள் வரவைக்க வேண்டுமென்றால் அந்தச் சிவப்பைக் கழுவி எடுக்க வேண்டும், அது நடக்காது. முதுமையாக்க வேண்டுமென்றால் மேலே பூசிக்கொண்டே போனால் போதும். செங்காந்தளும் அப்படித்தான் வயதாகிறது, மஞ்சளின் மேல் சிவப்பு ஏறி ஏறி. மல்லிகையை வரைந்திருந்தால் எனக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை.

முதிர்ந்த இதழின் நிறத்தை நினைவில் இருந்து போடக்கூடாது. செடி காய்த்து முடிந்ததும் மேலே காய்ந்து, கிழங்காக மண்ணுக்குள் போய்விடும். மழைப் பருவம் வந்தால்தான் மறுபடி முளைக்கும். அதுவரை காத்திருந்து, முழுதும் சிவந்த ஒரு பூவைக் கொண்டுவந்து, அதே வகைத் தாளின் துண்டில் நிறங்களைப் போட்டுப்போட்டு இதழோடு ஒட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். இந்தக் குறிப்பு வேலையில் எல்லோருக்கும் ஆசான் ஃபெர்டினாண்ட் பாவர். மேத்யூ ஃபிலிண்டர்ஸின் கப்பலில் 1801 முதல் 1803 வரை ஆஸ்திரேலியக் கரையைச் சுற்றியவர். செடி வாடும் முன் பென்சில் கோட்டில் வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் நிறத்துக்கு ஓர் எண் எழுதிவைப்பார், எண்கள் ஏறத்தாழ ஆயிரம் வரை போகும். ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்தே வண்ணமிட்டார். நமக்கு ஆயிரம் வேண்டாம். ஒரு செடிக்கு ஒரு துண்டுத்தாள் போதும், ஆனால் அது அதே தாளாக இருக்க வேண்டும். நோட்டுப்புத்தகத் தாளில் போட்ட நிறம் ஹாட் பிரஸ்ஸில் வேறாக நிற்கும்.

இடப்பூவுக்குக் குவினாக்ரிடோன் சிவப்பை மிக மெல்லிசாக, ஒன்று நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது என்று ஏற்றினேன். மடிப்புகளின் உள்ளே மட்டும் பெரிலீன் மரூன். பழைய மஞ்சள் அடியில் கிடந்ததால் சிவப்பு செத்துப்போகாமல் உள்ளிருந்து சூடாக நின்றது. புதுத்தாளில் நேரடியாகக் கருஞ்சிவப்பு வைத்திருந்தால் இந்த ஆழம் வந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை நாள்களில் இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். காற்றில் ஈரம் இருக்கும்போது மேலே காய்ந்தது மாதிரி தெரிந்தாலும் தாளின் உள்ளே ஈரம் நிற்கும். அடுத்த பூச்சை வைத்தால் அடியில் உள்ளது கலங்கி விளிம்பில் பூப்பூவாகத் திட்டு விழும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை.

அடுத்தது தண்டு. வரைந்த தண்டை வளைக்க முடியாது. ஆனால் அது விறைப்பாக நின்றது அமைப்பின் குறை மட்டும் இல்லை, செடியைப் பற்றிய பொய்யும்கூட. பற்றிக்கொள்ள எதுவுமே இல்லாமல் காந்தள் இப்படி நிமிர்ந்து நிற்காது. உலர்தாவரத் தாளில் ஒட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நீண்ட கொடியை ‘வி’ போலவோ ‘என்’ போலவோ மடக்கித் தாளுக்குள் அடக்கிவிடுவார்கள். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மதராஸ் ஹெர்பேரியத் தாள்களைப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறவர்கள், செடியைப் பார்த்ததும் போய்விடாமல் அது தாளில் எப்படிக் கிடத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். நான் வயலுக்குத் திரும்பினேன். கொங்கு நாட்டு வயல்களில் காந்தள் ஏறுவதற்குக் கிளுவையையும் விராலிக் குச்சிகளையும் ஊன்றுவார்கள். படத்திலும் அதையே செய்தேன். இடக்கீழிருந்து வலமேலாகச் சாய்ந்து ஓடும் மெல்லிய கிளுவைக் குச்சி, வெளிறிய சாம்பலில், தோல் உரிந்தபடி. பூக்களின் விளிம்பு வந்ததும் நிறுத்தி, அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்கினேன். இரண்டு பற்றுக்கம்பிகள் அதைப் பிடித்துக்கொண்டன. தண்டு அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் இப்போது அது எதன் மேலோ சாய்ந்திருக்கிறது என்று கண் நம்புகிறது.

தண்டை உடைக்க இன்னொன்றும் தேவைப்பட்டது, அதன் முன்னால் குறுக்கே போகும் ஓர் இலை. நீர்வண்ணத்தில் பச்சைத் தண்டின் மேல் அதைவிட அடர்ந்த பச்சை இலையை வைக்கலாம், மறுபடியும் இருட்டும் திசை என்பதால். ஆனால் இலையை நினைத்த இடத்தில் முளைக்கவைக்க முடியாது. கணுவில் இருந்துதான் வரும், மேற்பகுதியில் மாறி மாறித்தான் வரும். கணுக்களைக் கணக்குப் பார்த்து, ஏற்கெனவே காலியாக விட்டிருந்த ஒரு கணுவில் இருந்து அதைப் புறப்பட வைத்தேன். தாலோ பச்சையில் பெரிலீன் மரூன் கலந்த கரும்பச்சை. அந்த ஓர் இலை வந்ததும் நடுப்பூவின் மஞ்சள் ஓரம் அதன் முன்னால் எரியத் தொடங்கியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் காணாமல்போன பூ இப்படித்தான் திரும்பி வந்தது, பூவைத் தொடாமலேயே. வலப்பூவைப் பின்னுக்குத் தள்ள, அல்ட்ராமரைன் கலந்த மெல்லிய சாம்பல் பூச்சு ஒன்று போதுமானதாக இருந்தது.

மூலைக்கு ஓடிய பற்றுக்கம்பியைத்தான் உண்மையிலேயே அழிக்க வேண்டியிருந்தது. அல்ட்ராமரைன், காட்மியம் வகைகள் ஈரப் பிரஷ்ஷால் தடவி டிஷ்யூவால் ஒற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். தாலோ பச்சை வராது, ஊறிவிட்டிருக்கும். பன்றிமயிர் பிரஷ்ஷால் தேய்த்தால் பச்சை கொஞ்சம் போகும், கூடவே தாளின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் போய்விடும். அதன்பின் அங்கே வைக்கும் வண்ணம் உறிஞ்சுதாளில் மை போட்டது மாதிரி பரவும். கத்திதான் வழி. வளைந்த முனையுள்ள 15ஆம் எண் பிளேடைப் படுக்கையாகப் பிடித்து, தாளின் மேற்தோலை மட்டும் தூசியாகச் சுரண்டி எடுப்பது. தாள் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், மழை நாளில் பிளேடை எடுக்கவே கூடாது. சுரண்டிய இடத்தின் மேல் சுத்தமான தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் மேடு அடங்கும். ஆனாலும் அந்த இடம் இனி வண்ணம் ஏற்காது.

அங்கேதான் ‘ட’ அட்டைகள் கைகொடுத்தன. வலது விளிம்பைச் சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மவுண்ட் வெட்டினால், சுரண்டிய இடம் அட்டைக்கு அடியில் போய்விடும். கம்பியின் மீதி நீளத்தை, வலப்பூவைத் தாண்டும் முன்பே உட்புறமாகச் சுருட்டி முடித்தேன், தொட எதுவும் கிடைக்காத கம்பியும் வயதானால் நுனியில் சுருள்கிறது. வலப்பக்கம் குறுகியதும் நடுவில் நின்ற தண்டு தானாகவே நடுவைவிட்டு வலமாக ஒதுங்கிவிட்டது. இடப்பக்கம் அகன்றது. கருஞ்சிவப்புப் பூவும், அதன் கீழே வாடிய இதழும் பிஞ்சும் நிற்க இடம் கிடைத்தது. ஒரு வெட்டில் இரண்டு குறைகள் தீர்ந்தன. ஃப்ரேம் கடைக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் படத்தைச் சரியாக நடுவில் வைத்து வெட்டித் தருவதிலேயே குறியாக இருப்பார். பென்சிலில் கோடு போட்டுக் கொடுத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வெற்றிடம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் திருத்துகிற கை கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். காலி இடத்தைக் கண்டால் அங்கே ஒரு விதை, ஒரு வெட்டுத்தோற்றம், ஒரு கிழங்கு என்று நிரப்புவது இன்று ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அறிவியல் தட்டில் அவை இருக்கத்தான் வேண்டும், அங்கே அவை வந்திருப்பது செய்தி சொல்ல. அமைப்பின் ஓட்டையை அடைக்க விதையை வைத்தால் அது ஓட்டையை அடைத்த விதையாகவே தெரியும். என் படத்தில் வலக்கீழே காலியாக இருந்தது. அங்கே வண்ணத்தில் ஒன்றும் சேர்க்காமல், இருந்த இலைகளுக்குப் பின்னால் ஓர் இலையைப் பென்சில் கோடாக மட்டும் விட்டேன். ராக்ஸ்பரோவின் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் ஆஃப் கோரமண்டல்’ தொகுதிகள் 1795 முதல் 1820 வரை வந்தவை. அவற்றில் உள்ள 300 தட்டுகளை நம் ஊர் ஓவியர்களின் கைவண்ணத்தில் இருந்தே எடுத்தார்கள். பெரிய இலையை வண்ணமில்லாமல் கோடாகப் பின்னால் விட்டு, அதன் மேல் வண்ணப் பூங்கொத்தை வைக்கும் முறையை அங்கே காணலாம். தாள் போதாததற்குச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

கன்றுத்தோலில் வரைகிறவர்களுக்கு இதில் பாதி உழைப்பு மிச்சம். வண்ணம் தோலுக்குள் இறங்காமல் மேலேயே தங்குவதால் ஈரப் பிரஷ்ஷால் துடைத்து எடுத்துவிடலாம். இருபதாம் நூற்றாண்டில் ரோரி மெக்யூவன் தோலில் தனித்தனி இலைகளை வரைந்த ஓவியங்களில், சுற்றிலும் ஒன்றுமே இல்லாத பெருவெளியில் ஒரே ஓர் இலை கிடக்கும். அமைப்பு என்பது நிரப்புவது என்று நினைக்கிறவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் தோல் விலை அதிகம். நம் ஊர் மழைக்காலத்தில் அது நெளிந்துகொள்ளும்.

எல்லாப் படத்தையும் திருத்தலாம் என்று நான் சொல்லவில்லை. மகரந்தத் தாள் ஐந்து என்று வரைந்திருந்தால், சூல்தண்டு நேராக நின்றால், இலையமைவு தப்பியிருந்தால் அந்தத் தாளை மீட்க முயலாதீர்கள். டிரேசிங்கை எடுத்துக்கொண்டு புதுத்தாளுக்குப் போங்கள். ஈரப்பதத்தில் தாளில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தாலும் அப்படியே. காப்பாற்றத் தகுந்த ஒரு பகுதியாவது இல்லாத படத்தில் உழைப்பதும் வீண்.

இந்தக் காந்தள் படம் இப்போது தேறியிருக்கிறது, அவ்வளவுதான். கிளுவைக் குச்சி இருப்பதால் கண்டிப்பான தாவர ஓவியக் கண்காட்சி நடுவர் ஒருவர் இதைத் தள்ளக்கூடும், அது நியாயமும்கூட. சுவரில் மாட்டலாம், நூலில் போடச் சொன்னால் புதிதாக வரைவேன். வலப்பூ இன்னும் நேராகத்தான் பார்க்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் திருத்தத் தொடங்கியதே அந்தப் படத்தின் முதுகில் எந்தெந்த வண்ணம், எந்தத் தாள் என்று பென்சிலில் எழுதியிருந்ததால்தான். பைரோலா காட்மியமா என்று தெரியாமல் அந்தச் சிவப்பில் ஈரம் வைத்திருந்தால் நடுப்பூவும் போயிருக்கும். வரைகிறவர்கள் படத்தை முடித்ததும் கையெழுத்துப் போடும் முன்பே பின்பக்கத்தைத் திருப்பி, வண்ணங்களின் பெயர்களை எழுதிவிடுங்கள். பென்சிலால் மட்டும், பேனா மை நாளானால் முன்பக்கம் ஊறும்.